படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மண்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாக யாராவது சேர்ந்தால் முதல் நாள் நான் அவர்களை வயலுக்கு அழைத்துப் போவதில்லை. படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது, அங்கேதான் கூட்டிப் போவேன். குனிந்துதான் நுழைய வேண்டும். கொஞ்சம் உயரமானவர் என்றால் வெளியே வரும்போது நெற்றியில் ஓர் இடி நிச்சயம். உள்ளே நான்கு இரும்பு அலமாரிகள். அவை நிறைய மூடி இறுக்கிய பாட்டில்கள். பாட்டில்களுக்குள் காயவைத்துச் சலித்த மண். அவ்வளவுதான்.

வந்தவர் முகத்தில் "இதைப் பார்க்கவா?" என்பது எழுதி ஒட்டியிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் திட்ட உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை லேபிள் ஒட்டுவது. நீடித்த வேளாண்மை ஆய்வுக்குழு என்ற பெயரைக் கேட்டு, பூமியைக் காப்பாற்றும் படையில் சேரப்போகிறோம் என்ற நினைப்பில் வந்தவள் நான். கையில் கொடுத்ததோ பசையும் கத்தரிக்கோலும்.

குழுவைப் பற்றி எழுதேன் என்று நண்பர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். எத்தனை கட்டுரைகள், எத்தனை முனைவர் பட்டங்கள் என்பதெல்லாம் ஆண்டறிக்கையில் இருக்கிறது, அதில் எனக்குச் சேர்க்க ஒன்றும் இல்லை. நான் எழுத நினைப்பது 11-ஆம் பாத்தியைப் பற்றி. ஆனால் அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

எங்கள் வயலில் மொத்தம் 16 பாத்திகள். நெல்தான் பயிர். நான்கு விதமான பராமரிப்பு, ஒவ்வொன்றும் நான்கு முறை. ஒன்றுக்கு எந்த உரமும் கிடையாது. இரண்டாவதற்கு முழு ரசாயன உரம், எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கும். மூன்றாவதற்கு அதே உரம், ஆனால் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலை இடையிடையே காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது. நான்காவதற்கு ரசாயன உரம் பாதி, மீதிக்கு மக்கிய தொழு உரமும் பசுந்தாளும், தண்ணீர் காய்ச்சலும் பாய்ச்சலுமாக. எந்தப் பாத்தியில் எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள்.

இந்தக் குலுக்கல் விஷயத்தில் முதல் வாரமே ஒரு சண்டை. எங்கள் களப்பணியாளர் அண்ணன் அந்தப் பண்ணையில் எனக்கு முன்னால் இருபது வருடம் வேலை பார்த்தவர். தொழு உரம் போடும் பாத்திகள் நான்கையும் வண்டிப்பாதை ஓரமாக வைத்தால் எரு சுமக்கும் வேலை மிச்சமாகுமே என்றார். நியாயமான கேள்வி. பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. பாதை ஓரத்து மண்ணே வேறு மாதிரி இருந்தால், பிறகு வரும் வித்தியாசம் எருவால் வந்ததா இடத்தால் வந்ததா என்று எப்படிச் சொல்வது? 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் என்ற இளம் கணிதக்காரரை வேலைக்கு வைத்தார்கள். மலைபோல் குவிந்து கிடந்த பழைய விளைச்சல் கணக்குகளைக் கிளறிப் பார்க்கச் சொன்னார்கள். இன்றைக்கு உலகத்தில் பெரும்பாலான வயல் ஆய்வுகள் குலுக்கிப் போட்டு, பல முறை திரும்பச் செய்து, வயலைத் தொகுதிகளாகப் பிரித்துக்கொள்வது அந்த வேலையிலிருந்து கிளம்பிய வழக்கம். இதெல்லாம் அண்ணனுக்குச் சமாதானமாக இல்லை. குலுக்கலில் எருப் பாத்திகளில் இரண்டு பாதைக்கு எதிர்க்கோடியில் போய் விழுந்தன. எரு சுமந்தது அவர்தான், ஃபிஷர் அல்ல.

அதில் ஒன்றுதான் 11-ஆம் பாத்தி.

மண் ஏன் இவ்வளவு பொறுமையைக் கேட்கிறது என்று ஒரு சின்னக் கணக்கில் சொல்கிறேன். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் எடை என்று வைத்தால், அது 1,950 டன் மண். அதில் 1 சதவீதம் கரிமம் (கார்பன்) இருந்தால் 19.5 டன். நாம் நல்ல முறையில் எரு போட்டு வருடத்துக்கு 300 கிலோ கரிமம் சேர்க்கிறோம் என்றே இருக்கட்டும். ஒரு வருடம் கழித்து 1.00 என்பது 1.015 ஆகியிருக்கும். ஒரே பாத்தியில் இரண்டடி தள்ளி மண் எடுத்தாலே இதைவிட அதிக வித்தியாசம் வரும். ஆக, முதல் வருடமும் இரண்டாம் வருடமும் எந்த நேர்மையான ஆய்வாளரும் வாயைத் திறக்க முடியாது.

ஆனால் புராஜெக்ட் என்பது மூன்று வருடம். நிதி கொடுப்பவர்கள் இடைக்கால அறிக்கையில் முன்னேற்றம் என்ற பத்தியில் ஏதாவது எதிர்பார்ப்பார்கள். மண் அவர்களுடைய படிவத்தைப் படிப்பதில்லை.

ரோதம்ஸ்டெட்டில் பிராட்பால்க் என்ற வயலில் 1843 இலையுதிர் காலத்தில் கோதுமை விதைத்துத் தொடங்கிய பரிசோதனை இன்னும் நடக்கிறது. ஜான் லாஸ் நிலத்துக்குச் சொந்தக்காரர், அதற்கு முந்தைய வருடம்தான் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஹென்றி கில்பர்ட் வேதியியலாளர். இரண்டு பேரும் 57 வருடம் சேர்ந்து வேலை பார்த்தார்கள். அங்கே ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் வருடா வருடம் போட்டுவரும் பாத்தியில், உரமே போடாத பாத்தியைவிட மண் கரிமம் இரண்டு மடங்குக்கும் மேல். சரி, அது ஒரே நாளில் வந்ததா? நூறு வருடத்துக்கும் மேலாக மெல்ல மெல்ல ஏறியது. 1889-இல் லாஸ் தன் கைக்காசு ஒரு லட்சம் பவுண்டை அறக்கட்டளையாக ஒதுக்கினார். தனக்குப் பிறகும் வயல் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு அப்போதே இருந்திருக்கிறது. எங்கள் பேராசிரியருக்கும் அதே கவலை உண்டு, ஒரு லட்சம் பவுண்டுதான் இல்லை.

அப்புறம் வாயு. மண்ணைவிட இதில்தான் என் முதுகு ஒடிந்தது.

தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் மண்ணுக்குள் காற்று போகாது. அந்தக் காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அது வெளியே வருவது பெரும்பாலும் தண்ணீரில் குமிழி விட்டு அல்ல. நெற்பயிரின் தண்டுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. வேருக்கு ஆக்ஸிஜன் கொண்டுபோக இருக்கும் அந்தப் பாதை வழியாகவே மீத்தேன் மேலே ஏறி வந்துவிடுகிறது, 90 சதவீதம் வரை. பயிரே புகைபோக்கி. வயலைக் கொஞ்சம் காயவிட்டால் மண்ணுக்குள் காற்று நுழையும், மீத்தேன் குறையும். ஆனால் காய்ந்து நனையும் மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். பூமியைச் சூடாக்குவதில், நூறு வருடக் கணக்கில் அது ஒரு கிலோ, 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மீத்தேனுக்கு அந்த எண் 27 சொச்சம். எனவே ஒன்றைக் குறைத்தோம் என்று பெருமையடிக்கும் முன் மற்றொன்றையும் அளந்தாக வேண்டும்.

அளப்பது எப்படி என்றால், பயிரின் மேல் ஓர் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்ப்போம். சேற்றில் முன்கூட்டியே பதித்த அடிச்சட்டத்தின் ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கும், அதில் தண்ணீர் ஊற்றினால் பெட்டி உட்கார்ந்ததும் வாயு கசியாது. உள்ளே பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி, ஒரு வெப்பமானி. கவிழ்த்த உடனே ஒரு சிரிஞ்சு வாயு, பத்தாவது நிமிடம் ஒன்று, இருபதில் ஒன்று, முப்பதில் ஒன்று. அதை வெற்றிடக் குப்பியில் ஏற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜி.சி. கருவியில் விட வேண்டும். ஒரு பாத்திக்கு 4 குப்பி, 16 பாத்திக்கு 64. காலை பத்து மணியை ஒட்டி எடுத்தால்தான் அந்த நாளின் சராசரிக்கு அருகில் வரும் என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். நான்கு பேர், ஆளுக்கு நான்கு பாத்தி, கழுத்தில் நிறுத்துகடிகாரம்.

முதல் பருவத்தில் எங்கள் மீத்தேன் எண்கள் தாறுமாறாக இருந்தன. ஒரே பாத்தியில் ஒரு வாரம் ஒன்றுமில்லை, அடுத்த வாரம் வெடிப்பு. கருவியைக் குறை சொன்னோம், குப்பியின் ரப்பர் மூடியைக் குறை சொன்னோம். இரண்டு மாதம் கழித்து அண்ணன்தான் வரப்பில் நின்றபடி சொன்னார்: "நீங்க மிதிக்கிறப்பதாம்மா அது புஸ்ஸுனு வருது." சேற்றில் நாங்கள் கால் வைக்கும்போது அடியில் சிக்கியிருந்த குமிழிகள் எல்லாம் பெட்டிக்குள் வந்துகொண்டிருந்தன. வயல் விட்ட மூச்சை அளப்பதாக நினைத்துக்கொண்டு எங்கள் பாதத்தின் எடையை அளந்திருக்கிறோம். இரண்டு மாதத் தரவும் போச்சு. அடுத்த நாளே பழைய பலகைகளைக் கால் நட்டுப் பாத்திக்குப் பாத்தி நடைபாலம் போட்டோம். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியாக இருந்ததை நாங்கள் அதற்குப் பிறகுதான் கவனித்தோம்.

பலகை போட்ட பிறகு எண்கள் ஒழுங்குக்கு வந்தன. காய்ச்சலும் பாய்ச்சலுமான பாத்திகளில் மீத்தேன் தெளிவாகக் குறைந்தது, நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் ஏறியது, இரண்டையும் கூட்டிப் பார்த்தாலும் லாபம்தான், விளைச்சலில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. உலகத்தில் பலர் முன்பே கண்டதுதான். ஆனாலும் நம் கையால் எடுத்த சிரிஞ்சுகளில் அது வரும்போது ஒரு சந்தோஷம்.

இடையில் தேயிலைப் பை கதையையும் சொல்லிவிடுகிறேன். மண்ணில் பொருள்கள் எவ்வளவு வேகமாக மக்குகின்றன என்று அளக்க 2013-இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். கடையில் விற்கும் பச்சைத் தேயிலைப் பையையும் ரூயிபாஸ் என்ற மூலிகைத் தேநீர்ப் பையையும் எடை போட்டு 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்க வேண்டும், மூன்று மாதம் கழித்துத் தோண்டி மறுபடி எடை போட வேண்டும். ஒன்று சீக்கிரம் மக்கும், மற்றது மெதுவாக. இரண்டையும் வைத்து மக்கும் வேகத்தைக் கணக்கிடலாம். நாங்களும் வாங்கினோம். ரசீது கணக்குப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது: ஆய்வு நிதியில் சிற்றுண்டிச் செலவுக்கு இடமில்லை. விளக்கக் கடிதம் எழுதினோம், "மேற்படி பைகள் மண்ணில் புதைக்கப்படும்" என்று. அதுவும் திரும்பி வந்தது. வாங்கிய பொருளைப் புதைப்பது என்றால் அதற்குக் கழிவு நீக்கப் படிவம் வேண்டுமாம். கடைசியில் பேராசிரியர் தன் பையிலிருந்து கொடுத்தார்.

நான்காம் வருடம் நிதி நின்றது. மூன்று வருடம் முடிந்து அடுத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, அதற்கடுத்தது வர 14 மாதம் ஆயிற்று. அந்த 14 மாதம்தான் குழு என்றால் என்ன என்று நான் பார்த்த காலம்.

என் சம்பளம் நின்றதும் நான் வேறு வேலைக்குப் போனேன், அதை மறைப்பானேன். ஒரு தனியார் ஆய்வகத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் மாதிரிகளைப் பரிசோதித்துவிட்டு, சனி ஞாயிறுகளில் வயலுக்கு வந்தேன். முனைவர் பட்ட மாணவர்கள் இரண்டு பேரும் பேராசிரியரும் சேர்ந்து நாற்று நட்டார்கள். அவர் நட்ட வரிசை மட்டும் பாம்பு போல் நெளிந்து போனது, புகைப்படம் என்னிடம் இருக்கிறது. விதை பக்கத்துத் துறையில் மிஞ்சியது. வாயு அளவீட்டுக்கு வழியே இல்லை. ஜி.சி.க்கு வேண்டிய வாயு உருளைகளுக்குப் பணம் கிடையாது. அதனால் அந்தப் பருவம் முழுக்க வாயுத் தரவு வெற்றிடம். எங்கள் வரைபடத்தில் இன்றும் அந்த இடத்தில் கோடு அறுந்துதான் கிடக்கிறது. முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து ஒட்டுப் போடலாமே என்று ஒருவர் கேட்டார். பேராசிரியர், "அந்த வருஷம் நம்மகிட்ட காசு இல்லைங்கிறதும் ஒரு தரவுதான்" என்று விட்டுவிட்டார்.

ஆனால் நடவு நின்றதில்லை, எரு நின்றதில்லை. அறுவடையில் ஓரத்து வரிசைகளை ஒதுக்கி, நடுவில் உள்ளதை மட்டும் அறுத்து, ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கணக்கிட்டு எடை எழுதினோம். 32 பாட்டில் மண்ணும் எடுத்தோம். பாத்தி ஒன்றுக்கு மேல்மண் ஒன்று, அடிமண் ஒன்று. அதே காலத்தில் கட்டடத்தில் இடப் பற்றாக்குறை என்று சொல்லிப் படிக்கட்டு அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். "காலாவதியான மாதிரிகள்" என்று நோட்டீஸில் இருந்தது. மண் எப்போது காலாவதியாகும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் எல்லாப் பாட்டில்களையும் உரச் சாக்குகளில் போட்டு வண்டியில் ஏற்றிப் பண்ணைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். ஏழு மாதம் அங்கே இருந்துவிட்டுத்தான் படிக்கட்டு அறைக்குத் திரும்பின. சாக்குகளின் மேல், எலி வராமல் இருக்க, கழற்றிப்போட்ட தகரக் கதவு ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்.

இனி 11-ஆம் பாத்தி.

ஆறாம் வருடம் எங்கள் பெரிய கட்டுரை தயாரானது. எருப் பாத்திகளில் மண் கரிமம் மற்றவற்றைவிட நன்றாகவே கூடியிருந்தது. ஆறே வருடத்தில் இவ்வளவா என்று நாங்களே அசந்துபோனோம். கட்டுரையின் முதல் வரைவில் நான் எழுதிய சில பெயரடைகளை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. அனுப்புவதற்கு முன் ஒரு கடைசிச் சரிபார்ப்பு. நான்கு எருப் பாத்திகளில் மூன்று ஓரளவு ஒரே மாதிரி, 11-ஆம் பாத்தி மட்டும் எங்கேயோ உயரத்தில். சராசரியைத் தூக்கிப் பிடித்திருந்தது அது ஒன்றுதான்.

நல்ல பாத்தி, நல்ல எரு, என்று விட்டிருப்போம். அன்றைக்கு ஏதோ பேச்சு வாக்கில் அண்ணனிடம் கேட்டேன், 11 மட்டும் ஏன் அண்ணா இப்படி என்று. அவர் வரப்பில் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, இது என்ன கேள்வி என்பது போல் பார்த்தார்.

"அந்த மூலையில முன்னாடி எருக்குழி இருந்துச்சும்மா. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல. அப்புறம் மூடிட்டாங்க."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே. குலுக்கிப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொன்னாங்க."

அன்று மாலை பேராசிரியர் அறையில் யாரும் அதிகம் பேசவில்லை. தொடக்கத்தில் எடுத்த அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் எங்கள் தவறு. தொடக்க வருடத்தில் செலவை மிச்சம் பிடிக்க, ஒரு தொகுதியின் நான்கு பாத்தி மண்ணையும் கலந்து ஒன்றாகத்தான் பரிசோதித்திருந்தோம். 11-இன் தனி எண் எங்களிடம் இல்லை. ஆனால் தனி மண் இருந்தது. நான் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து லேபிள் ஒட்டிய அந்த முதல் 32 பாட்டில்கள்.

பழைய பரிசோதனை முறையிலும் ஒரு சிக்கல் இருந்தது. தொடக்கத்தில் 1934-இல் வெளியான வாக்லி–பிளாக் முறையைப் பயன்படுத்தினோம். டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றி, கரிமம் எவ்வளவு ஆக்ஸிஜனை இழுத்தது என்று பார்ப்பது. கருநீலம் சட்டென்று பச்சையாக மாறும் ஒரு துளிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு துளி தாண்டினால் போச்சு. இந்த முறை எல்லாக் கரிமத்தையும் பிடிப்பதில்லை, அதனால் ஒரு திருத்தக் காரணியால் பெருக்குவோம், அந்தக் காரணியோ எல்லா மண்ணுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. பின் வருடங்களில் வேறொரு துறையின் கருவியில், மண்ணை அதிக வெப்பத்தில் எரித்து வரும் கரியமில வாயுவை நேரடியாக அளந்தோம். இரண்டு முறையின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எடுப்பது, அரசியல்வாதி கணக்குக் காட்டுவது மாதிரி. ஆக எல்லாப் பாட்டில்களையும் முதலிலிருந்து ஒரே கருவியில் ஓட்டுவது என்று முடிவானது.

ஐந்து வாரம் ஆயிற்று. சாக்கில் கிடந்து வந்த பாட்டில்களில் மூன்றில் லேபிள் உதிர்ந்திருந்தது. நல்லவேளை, மூடியின் உள்பக்கமும் பென்சிலால் எண் எழுதியிருந்தேன். யாரும் சொல்லி அல்ல, பசையை நம்பாததால்.

தொடக்க வருடத்து 11-ஆம் பாத்தி மேல்மண்ணின் எண் திரையில் வந்தபோது நான்தான் கருவிக்கு முன் இருந்தேன். அண்ணன் சொன்னது சரி. நாங்கள் ஒரு கூடை எரு போடுவதற்கு முன்பே அந்த மண் மற்ற எல்லாவற்றையும்விட வளமாக இருந்திருக்கிறது. எங்கள் ஆறு வருடச் சாதனையில் ஒரு பங்கு, யாரோ எப்போதோ மூடிய குழியின் சாதனை.

அதோடு நிற்கவில்லை. எரு போட்ட மண் இலேசாகிவிடும், புழு பூச்சி துளைத்துப் பொலபொலவென்று ஆகும். அதே 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இப்போது முன்பைவிடக் குறைந்த எடை மண்தான் இருக்கிறது. சதவீதம் கூடினாலும் மொத்தக் கரிமம் அந்த அளவுக்குக் கூடியிருக்காது. ஆழத்துக்குப் பதிலாகச் சம எடை மண்ணுக்குக் கணக்குப் போட்டதில் எண் இன்னும் கொஞ்சம் இறங்கியது. எருப் பாத்திகள் கடைசியில் ஜெயித்தன, ஆனால் முதல் வரைவில் சொன்னதில் பாதிகூட இல்லை. பெயரடைகளை எல்லாம் நானே அடித்தேன். பெரிய ஆய்விதழுக்கு எழுதிய கட்டுரை நடுத்தர ஆய்விதழில் வந்தது. கட்டுரையின் நன்றியுரையில் அண்ணனைப் போடுவோம் என்று பேச்சு வந்தபோது பேராசிரியர், அவர் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும் என்றார். இணையதளத்தில் பதியும்போது "கல்வித் தகுதி" என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போக விடவில்லை. பத்து நிமிடம் யோசித்துவிட்டு "வயல்" என்று தட்டினோம். ஏற்றுக்கொண்டது.

என்னைக் கேட்டால் இந்தக் குழு செய்ததிலேயே நல்ல வேலை அந்தக் கட்டுரைதான். ஆண்டறிக்கையில் அதற்கு ஒன்றரை வரி.

அதன் பிறகு எங்கள் வழக்கம் ஒன்று மாறியது. வாரக் கூட்டத்தை அண்ணன் தொடங்கிவைப்பார். அவர் பார்த்தது எதுவானாலும், சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, முதலில் அது. கென்யாவில் மக்காச்சோளத் தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டுவதற்காக டெஸ்மோடியம் என்ற செடியை ஊடுபயிராக வைத்தார்கள். பூச்சி குறைந்தது. ஆனால் மக்காச்சோள வேரை உறிஞ்சும் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களையும் அந்த வயல்களில் குறைந்துபோனதை யாரோ கவனித்தார்கள். அதை அவர்கள் தேடிப் போகவே இல்லை. டெஸ்மோடியம் வேர் விடும் பொருள்கள் ஸ்ட்ரைகா விதையை முளைக்கவைத்து, வேரில் ஒட்டவிடாமல் சாகடிக்கின்றன என்பது பிறகு ஆராய்ந்து கண்டது. வயலில் நிற்பவர் கண்ணில் பட்டதை வாய் திறந்து சொன்னால்தான் இதெல்லாம் நடக்கும். எங்களிடம் ஆறு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை, நாங்கள் திறக்கவிடவில்லை.

விவசாயிகளின் வயலுக்குப் போனது தனிக் கதை. காய்ச்சலும் பாய்ச்சலும் செய்ய ஒரு குழாய் போதும். 30 சென்டிமீட்டர் நீளம், கையை விட்டு உள்ளே சேறு அள்ளும் அகலம், சுற்றிலும் துளைகள். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. உள்ளே தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும், பயிர் வாடாது. பூக்கும் நேரத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும் என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. நாங்கள் வீராப்பாகக் குழாய்களை நட்டுவிட்டு வந்தோம். அடுத்த முறை போனபோது ஒன்றில் தவளை குடியிருந்தது, இரண்டு காணாமல் போயிருந்தன, ஒன்றைப் பிள்ளைகள் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

வாய்க்கால் பாசனத்துக்காரர் ஒருவர் கேட்டார்: "தண்ணி மிச்சமானா எனக்கு என்னங்க? ஏக்கருக்குத்தானே கட்டுறேன், தண்ணிக்கா கட்டுறேன்?" பதில் சொல்ல முடியவில்லை. மிச்சமாகும் தண்ணீர் வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்குப் போகும், கஷ்டம் மட்டும் இவருக்கு. ஆனால் டீசல் போட்டு இறைப்பவர்கள் முதல் பருவத்திலேயே பிடித்துக்கொண்டார்கள், மோட்டார் ஓடும் மணி குறைவது அவர்கள் கையிலேயே தெரிகிறது. களை எடுக்கும் பெண்களோ எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார்கள். தண்ணீர் வடிந்தால் களை முளைக்கும், அதைக் குனிந்து பிடுங்குவது அவர்கள். எங்கள் அட்டவணையில் களை எடுக்கும் நேரம் என்று ஒரு பத்தியே இருந்ததில்லை. ஏழாம் வருடத்திலிருந்து இருக்கிறது.

இந்த வருட அறுவடை போன வாரம் முடிந்தது. நேற்று புதிதாகச் சேர்ந்த மாணவியோடு உட்கார்ந்து லேபிள் ஒட்டினோம். இவ்வளவு பழைய மண்ணை வைத்து என்ன செய்வீர்கள் அக்கா என்றாள். ரோதம்ஸ்டெட்டில் 160 வருடக் கோதுமை மாதிரிகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இரண்டு இலை நோய்ப் பூஞ்சைகளில் எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்று பார்த்து, அது காற்றில் கலந்த கந்தக மாசோடு சேர்ந்தே ஏறி இறங்கியிருப்பதை 2005-இல் வெளியிட்டார்கள் என்றேன். கோதுமையை முதன்முதலில் பாட்டிலில் போட்டவர்கள் காலத்தில் டி.என்.ஏ. என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. அவள் தலையாட்டிவிட்டு மூடியைத் திருப்பி, உள்பக்கம் பென்சிலால் எண் எழுதினாள். நான் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தேன், அண்ணன் சொல்லியிருக்கிறார்.

இந்த 32-ஐயும் சேர்த்து இப்போது 320 பாட்டில்கள். படிக்கட்டு அறையில் இடம் இல்லை. மேல் தளத்தில் ஒரு பழைய இருட்டறை சும்மா கிடக்கிறதாம், சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளை விசாரிக்க வேண்டும். அதுவரை 32 பாட்டிலும் என் மேசைக்கு அடியில். காலை நீட்ட முடியவில்லை.